மூடி வைத்த சோறு: மறதி வந்த அம்மாவும் வீட்டுக்குள் சொல்லப்பட்ட பொய்களும்

பின்னேரம் ஐந்து மணியானால் அந்த அம்மா படலையடிக்குப் போய்விடுவா. ஒரு கையால் படலையைப் பிடித்துக்கொண்டு தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்பா. பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "பிள்ளை, தம்பி இன்னும் வரேல்லையோ?" என்று கேட்பா. ஒரு பின்னேரத்துக்குள் இருபது முப்பது தரம் கேட்பதாக மூத்த மகள் என்னிடம் முதல்நாள் சொன்னா.

வீடு திருகோணமலை நகரை ஒட்டிய பாலையூற்றில். அம்மாவுக்கு 78 வயது. மூத்த மகள் ஆசிரியை. ஓய்வுக்கு இன்னும் கொஞ்சக் காலம் இருக்கிறது. மருமகன் ஓய்வு பெற்றுவிட்டார். பேத்தி படித்துக்கொண்டிருக்கிறாள். கடைசி மகன் கனடாவில். நடு மகன் 1990 ஜூன் மாதத்தில், சண்டை திரும்பவும் தொடங்கிய நாட்களில், பின்னேரம் சைக்கிளில் கடைக்குப் போனவர். அப்போது அவருக்கு 19 வயது. அவரும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. அம்மா கேட்கிற 'தம்பி' அவர்தான்.

நான் உளசமூகப் பணியாளர். இரண்டு வருடமாக இந்த வீட்டுக்குப் போய்வருகிறேன். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயின் கதை வழக்கமானதுதான். புட்டுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டது, வைத்த சாவியை அரிசி வாளிக்குள் கண்டெடுத்தது, பத்திரகாளி அம்மன் கோயிலுக்குத் தனியப் போய் வீட்டுக்கு வரும் வழி தெரியாமல் நின்றது. அயலவர்கள் "அறளை பெயர்ந்திட்டுது", வயதுபோய்ப் புத்தி தடுமாறிவிட்டது என்றார்கள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகுதான் கிளினிக்குக் கொண்டுபோனார்கள். தைரொயிட், பி12 இரத்தச் சோதனைகளும் தலை ஸ்கானும் செய்து, அல்சைமர் வகை மறதி நோய் என்று வைத்தியர் சொன்னார். இந்த நோய் முதலில் பிடிப்பது மூளையில் புதிய நினைவுகளைப் பதிகிற ஹிப்போகாம்பஸ் பகுதியை. அதனால் காலைச் சாப்பாடு மறந்துபோகும், 1990 மறக்காது.

மறதி நோயாளரிடம் பொய் சொல்லலாமா என்ற கேள்விக்கு வழக்கமாகக் காட்டப்படும் உதாரணம் ஒன்று உண்டு. கணவனை இழந்த ஒரு பாட்டி 'அவர் எங்கே?' என்று கேட்கிறா. 'செத்துப்போனார்' என்று சொல்வதா, 'கடைக்குப் போயிருக்கிறார்' என்று சொல்வதா? அந்த உதாரணத்தில் உண்மை ஒன்று கையில் இருக்கிறது. அதைக் கொடுப்பதா மறைப்பதா என்பதே பிரச்சினை. இந்த வீட்டில் கொடுப்பதற்கு உண்மையே இல்லை. நடு மகன் இருக்கிறார் என்று சொன்னால் பொய்யாக இருக்கலாம். இல்லை என்று சொன்னாலும் பொய்யாக இருக்கலாம்.

அம்மா சுகமாக இருந்த காலத்தில் மகன் இல்லை என்று யாரையும் சொல்ல விட்டதில்லை. 1994இல் வடக்கு கிழக்குக்கு அமைத்த ஆணைக்குழு, 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் இன்னொன்று, 2018இல் வேலை தொடங்கிய காணாமற்போனோர் அலுவலகம் என்று ஒவ்வொன்றுக்கும் அதே ஃபைலைத் தூக்கிக்கொண்டு போனவ. மரணச் சான்றிதழ் எடுத்தால் நட்டஈடு கிடைக்கும் என்றார்கள், எடுக்கவில்லை. 2016இல், இறந்தார் என்று சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் பதிகிற சான்றிதழுக்குச் சட்டத்தில் இடம் வந்தது. அதையும் வேண்டாம் என்றுவிட்டா. "காணேல்லை எண்டு நான் ஏன் எழுதிக் குடுக்கோணும்? எங்க எண்டு அவையள்தான் சொல்லோணும்." ஒவ்வொரு இரவும் ஒரு கோப்பையில் சோறு போட்டு, இன்னொரு கோப்பையால் மூடி, மேசையில் வைத்துவிட்டுத்தான் படுப்பா. முப்பது வருடத்துக்கும் மேலாக அது நடந்தது. விடிந்ததும் அது நாய்க்கும் காகத்துக்கும் போகும். இதை அந்த வீட்டில் யாரும் பொய் என்று சொன்னதில்லை.

நோய் முற்றத் தொடங்கியபோது மகள் நேர்மையான வழியைத்தான் எடுத்தா. "அம்மா, தம்பி 90இல போனவன். அவன் இல்லை அம்மா." ஒரு பின்னேரம் அதைச் சொன்னதும் அம்மா படலையடியிலேயே இருந்து தலையில் அடித்து அழுதா. அயல் முழுக்க ஓடிவந்தது. பத்து நிமிடத்தில் ஏன் அழுதோம் என்பது அவவுக்கு மறந்துவிட்டது. அழுகை மட்டும் இரவு வரைக்கும் நிற்கவில்லை. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில், அதே அழுகை. மூன்றாம் நாள் மகளுக்கு வாய் வரவில்லை. "ஒவ்வொரு நாளும் நானே அவனைக் கொல்லுற மாதிரி இருக்கு மிஸ்" என்றா.

இதற்கு ஆய்விலும் சான்று உண்டு. 2014இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளர் 17 பேருக்குத் துயரமான படத்துண்டுகளையும் மகிழ்ச்சியானவற்றையும் போட்டுக்காட்டினார்கள். பார்த்தது கொஞ்ச நேரத்தில் மறந்துபோனது, உணர்வு போகவில்லை. படத்தை அதிகம் மறந்தவர்களிடம் துயரம் கூடுதல் நேரம் நின்றது. என்ன காரணம் என்று தெரியாத துக்கத்தை யாராலும் ஆற்ற முடியாது. 1960களில் அமெரிக்க வைத்தியசாலைகளில் பரவிய ஒரு முறை இருந்தது: நோயாளிக்கு இன்றைய திகதி, இடம், யார் உயிரோடு, யார் இல்லை என்பதையெல்லாம் திரும்பத் திரும்பத் திருத்திச் சொல்வது. தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு அளவோடு செய்தால் அதில் பலன் உண்டு. நடுநிலையைத் தாண்டியவரிடம் துக்கச் செய்தியைத் திருத்திக்கொண்டிருப்பது வேறு விஷயம்.

அப்போது மகளுக்கு ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தது நான்தான். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. "தம்பி கொழும்பில வேலையில நிக்கிறான், லீவு கிடைச்சா வருவான்" என்று சொல்லச் சொன்னேன். இரண்டு கிழமை வீடு அமைதியாக இருந்தது. அம்மா தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவா. கெட்டித்தனமாக ஏதோ செய்துவிட்டதாக நானும் நினைத்தேன்.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கனடாவில் இருக்கிற கடைசி மகன், நல்ல மனதோடுதான், வாட்ஸ்அப்பில் அழைத்து அண்ணனாகக் கதைத்தார். குரல் இருவருக்கும் ஒரே மாதிரியாம். "அம்மா, நான்தான். சாப்பிட்டீங்களோ?" அம்மாவின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும் என்று பேத்தி சொன்னாள். வருடக்கணக்காகக் கட்டாத சேலையை எடுத்துக் கட்டினாவாம். மூன்று நாள் வீடே கலியாண வீடு போல இருந்தது.

நாலாம் நாள் அம்மா கேட்டா: "அப்ப அவன் ஏன் என்னை வந்து பார்க்கேல்ல? என்னோட கோவமோ?"

இந்த இடத்தில்தான் என் வாக்கியத்தின் பிழை எனக்கு விளங்கியது. காணாமற்போன மகனை அந்த அம்மா ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவவைப் பொறுத்தவரை அவன் வராததற்குக் காரணம் பிடித்துக்கொண்டு போனவர்கள், அவன் இல்லை. நாங்கள் அவனைக் கொழும்பில் உயிரோடு இருத்தி, சம்பளம் வாங்க வைத்து, போனும் எடுக்க வைத்தோம். அதோடு அவன் தாயைப் பார்க்க வராத மகனாகிவிட்டான். முப்பத்துச் சொச்சம் வருடத்தில் யாரும் செய்யாத ஒன்றை நாங்கள் அவனுக்குச் செய்தோம். தாய்க்கும் செய்தோம். தான் என்ன பிழை விட்டேன் என்று அவ யோசிக்கத் தொடங்கினா. ஒருநாள் மருமகனிடம் வந்து, "நான் அவனுக்கு அடிச்சனானோ தம்பி?" என்று கேட்டாவாம்.

அந்தக் கிழமை ஒரு உரப் பைக்குள் இரண்டு சேலையும் ஒரு சீப்பும் அந்தப் பழைய ஃபைலும் வைத்துக் கட்டிக்கொண்டு, இரவு இரண்டு மணிக்கு "கொழும்புக்குப் போறன்" என்று படலையைத் திறக்கப் போய் விழுந்துவிட்டா. மணிக்கட்டு எலும்பு வெடித்தது. வைத்தியசாலையில் எடுத்த சோதனையில் சிறுநீர்த் தொற்றும் இருந்தது. ஒரேயடியாகக் குழப்பம் கூடினால் அது மனசு என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்டக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி எல்லாம் முதலில் குழப்பமாகவே வெளியே தெரியலாம். மருந்து கொடுத்துத் தொற்று ஆறியதும் இரவு எழுந்து நடப்பது பெரும்பாலும் நின்றது. கேள்வி நிற்கவில்லை.

மறதி நோய்ப் பராமரிப்பை மாற்றி யோசித்தவர்களில் ஒருவரான இங்கிலாந்தின் டொம் கிட்வுட், நோயாளரின் மனிதத் தன்மையைக் கரைக்கிற நடத்தைகளைப் பட்டியலிட்டபோது ஏமாற்றுதலை அதில் முதலாவதாக வைத்தார். முன்பு எனக்கு அது கடுமையாகத் தெரிந்தது. பராமரிக்கிற ஆளின் களைப்பை அறியாத பேராசிரியரின் சொல் என்று நினைத்தேன். "என்னோட கோவமோ" என்ற கேள்விக்குப் பிறகு அப்படி நினைக்கவில்லை.

ஆனால் எல்லாப் பொய்யும் ஒன்றல்ல என்பதையும் இதே வீடுதான் காட்டியது. அம்மா பிறந்தது மூதூர். சில பின்னேரங்களில் தம்பியை மறந்து, "அம்மா தேடுவா, வீட்டை போகோணும்" என்று வெளிக்கிடுவா. அந்தக் காலத்தில் மூதூருக்கு லோஞ்சில்தான், மோட்டார்ப் படகில்தான், போவார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது அவவின் நினைவில் இல்லை; துறைமுகத்தடியும் லோஞ்சும் இருக்கின்றன. மருமகன் ஒருநாள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே சொன்னார்: "கடைசி லோஞ்ச் போயிட்டுது மாமி. காலமை பார்ப்பம்." அம்மா, "அப்பிடியோ, இண்டைக்கும் பிந்திப்போச்சு" என்றுவிட்டு வந்து கதிரையில் இருந்தா. அவ்வளவுதான். ஜெர்மனியின் டுசல்டோர்ப் நகரில் ஒரு முதியோர் இல்ல வாசலில் பஸ் வராத பஸ் நிறுத்தம் ஒன்று வைத்தார்கள்; வீட்டுக்குப் போக வெளிக்கிடுகிறவர்கள் அதில் வந்து இருந்து, கொஞ்ச நேரத்தில் எதற்காக வந்தோம் என்பதை மறந்து ஆறிவிடுவார்கள். மருமகனுக்கு அது தெரியாது. அவரே ஒரு லோஞ்ச்துறை கட்டிவிட்டார்.

லோஞ்ச் பொய் ஏன் நின்றது, கொழும்புப் பொய் ஏன் உடைந்தது? எனக்குத் தெரிந்த விடை இது. லோஞ்சைத் தவறவிட்டதால் யார் மேலும் யாருக்கும் கோபம் வருவதில்லை. கடைசி லோஞ்சைத் தவறவிடுவது அவவின் வாழ்க்கையில் உண்மையாகவே நடந்த, ஒரு இரவு பொறுத்தால் தீர்ந்த சங்கடம். கொழும்பு வேலைக்கு அவவின் வாழ்க்கையில் இடமில்லை. அதை நாங்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து போட்டோம். அதைத் தாங்க நாளுக்கு நாள் புதிய பொய்கள் தேவைப்பட்டன.

இரண்டு சிறு சம்பவங்கள் கூட. கிளினிக்குக்கு வர மறுத்தபோது "கோயிலுக்குப் போறம்" என்று ஓட்டோவில் ஏற்றினார்கள். இரண்டு தரம் பலித்தது. மூன்றாம் தரம், உண்மையாகவே பத்திரகாளி அம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டபோது ஓட்டோவைக் கண்டதும் பயந்து தூணைப் பிடித்துக்கொண்டா. ஊசி போட்டதை அவவுக்குச் சொல்லத் தெரியாது. அந்தப் பயம் மட்டும் கோயில் என்ற சொல்லில் ஒட்டிவிட்டது. ஒரு மாதத்துச் சௌகரியத்துக்கு ஒரு கோயிலைச் செலவழித்துவிட்டார்கள்.

மற்றது காணி. வீட்டு உறுதியை மாற்றி எழுதும் கதை வந்தபோது, "கிளினிக் கொப்பிக்கு ஒரு கையெழுத்து எண்டு சொன்னா அம்மா வைப்பா" என்று உறவினர் ஒருவர் சொன்னார். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. இலங்கையில் காணி உறுதி நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுதப்பட வேண்டும். எதில் கையெழுத்து வைக்கிறோம் என்று விளங்காதவர் வைத்த கையெழுத்து வழக்குக்குப் போனால் நிற்காது. சட்டம் ஒருபுறம் இருக்க, மகளே அந்த ஆளை அன்றைக்கு வீட்டை விட்டு அனுப்பிவிட்டா.

மருமகன் வள்ளுவரைக் கொண்டுவந்தார்; எங்கள் ஊரில் இந்தக் கதை தொடங்கினால் யாராவது கொண்டுவராமல் விடமாட்டார்கள். குற்றமில்லாத நன்மை தருமென்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்பது 292ஆம் குறள். தமிழ் படிப்பிக்கிற மகள் உடனே சொன்னா: "அதுக்கு அடுத்ததையும் வாசியுங்கோ." 293, தன் நெஞ்சு அறியப் பொய் சொன்னால் அந்த நெஞ்சே தன்னைச் சுடும் என்கிறது. பொய்யால் அம்மாவுக்கு நன்மை வந்ததா என்பது ஒரு கேள்வி. ஒவ்வொரு பின்னேரமும் அதைச் சொன்னவவுக்கு என்ன ஆனது என்பது இன்னொன்று. தம்பி கொழும்பில் என்று சொல்லிச் சொல்லி, ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் கொழும்பு பஸ் வந்து நின்றபோது தன்னை அறியாமல் இறங்குகிறவர்களைப் பார்த்தபடி நின்றதாக அவ என்னிடம் சொன்னா. பொய் கேட்டவவைவிடச் சொன்னவவைத்தான் கூடப் பிடித்திருந்தது.

அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ், 1970களில் வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களைப் படித்து, முடிவு தெரியாத இழப்புக்கு ஒரு பெயர் வைத்தார்: தெளிவற்ற இழப்பு. அதில் இரண்டு வகை என்றார். ஆள் இல்லை, மனதில் இருக்கிறார், காணாமற்போனவர்கள் அப்படி. ஆள் இருக்கிறார், அவர் அவராக இல்லை; மறதி நோய் அப்படி. பாலையூற்று வீட்டில் இந்த மகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறா. தாயை ஆற்றுவதற்காகச் சொல்கிற ஒவ்வொரு வாக்கியமும் தம்பியைப் பற்றிய வாக்கியமாகவும் இருக்கிறது. அவவும் ஒரு அக்கா என்பதை நான் உட்படக் கன பேர் மறந்துவிட்டோம்.

கை கட்டவிழ்த்த பிறகு வீட்டில் எல்லோரும் இருந்து கதைத்தோம். கனடாவில் இருப்பவரும் போனில் இருந்தார். முடிவெடுத்தது கொஞ்சம்தான். தம்பி எங்கே என்ற கேள்விக்கு இருக்கிறார், இல்லை, வருவார், வரமாட்டார் என்ற நாலில் ஒன்றும் சொல்வதில்லை. "தெரியேல்ல அம்மா, எனக்கும் அவனைத் தேடுது" என்று மகள் சொல்லிப் பார்த்தா. அது பொய் இல்லை. அம்மா ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "உனக்கும் தேடுதோ" என்று மகளின் முதுகைத் தடவினாவாம். பிறகு, "அவனுக்கு என்ன கறி விருப்பம்?" என்று கேட்டால் கதை சூடை மீன் பொரியலுக்கும் கத்தரிக்காய்ப் பால்கறிக்கும் போய்விடும். நாலரைக்கே விளக்கைப் போட்டு, கழிப்பறைக்குக் கூட்டிப்போய், தேத்தண்ணி கொடுத்துவிடுவது. பின்னேரக் குழப்பத்தில் பாதி இருட்டும் பசியும்தான்.

மூடி வைக்கிற சோற்றை நோய் வந்த பிறகு மகள் நிறுத்தியிருந்தா. அம்மா மறந்துவிட்டா, நினைப்பூட்டுவானேன் என்று. அதைத் திரும்பத் தொடங்கினார்கள். இது குறித்து எனக்குத் தயக்கம் இருந்தது. இதுவும் வருவான் என்று சொல்கிற பொய்தானே? மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மா நல்லா இருக்கேக்கையே செய்தது. அவ கேட்டதைத்தான் செய்யிறம். நாங்க ஒண்டும் புதுசாச் சொல்லேல்ல." சோறு மூடியதைக் கண்டால் அம்மா படுக்கப் போகிறா. எல்லா இரவும் அல்ல.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றி எங்கள் பக்கம் சொல்கிற கதை ஒன்று உண்டு. இராவணனை ஒரு காரியத்திலிருந்து தடுப்பதற்காக, விஷ்ணு கிழவர் வேடத்தில் வந்து உன் தாய் இறந்துவிட்டா என்று பொய் சொன்னாராம். அவன் அதை நம்பி அந்தியக் கடன் செய்யத் தண்ணீருக்காக நிலத்தில் குத்திய ஏழு இடங்களில்தான் அந்த ஏழு கிணறுகளும் வந்தனவாம். ஆள் செத்த 31ஆம் நாள் கடமை செய்ய ஆட்கள் அங்கே போவது வழக்கம். மகள் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டா: "அது இராவணனை ஆற்றச் சொன்ன பொய் இல்லையே மிஸ், நிப்பாட்டச் சொன்னது. நாங்க அம்மாவுக்குச் சொன்னதும் அவவை ஆத்தவோ, கேக்காம நிப்பாட்டவோ?" இரண்டு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த அளவுகோலை அவ கையில் வைத்திருந்தா. அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாததால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

வருகிற ஆடியில் கனடாவில் இருந்து கடைசி மகன் வருகிறார். போன கிழமை அவர் என்னை அழைத்தார். படங்களைப் பார்த்தால் தானும் அண்ணாவும் ஒரே சாயல் என்றார். "அம்மா என்னைக் கண்டவுடனே அவற்ற பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவா. நான் ஓம் எண்டு சொல்லலாமோ?"

அம்மா பேரைச் சொல்லிக் கட்டிப்பிடித்தால் ஓம் என்றும் வேண்டாம், இல்லை என்றும் வேண்டாம், கையைப் பிடித்துக்கொண்டு இருங்கள் என்று சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார்: "அப்ப என்ர பேரை ஆர் மிஸ் கூப்பிடுவினம்?"

அந்தக் கேள்வியைக் கிளினிக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். அவர் வருவதற்கு முன் அக்காவும் அவரும் தனியே கதைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கியிருக்கிறது.